அனீஸ் கித்வாய் அம்மையார்: சமாதானத்தில் பெண்ணின் சொல்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, இராமநாதபுரம் மாவட்டம் நயினார்கோவில் பக்கத்து ஊரொன்றுக்கு ஜும்ஆ பயானுக்காகப் போயிருந்தோம். தொழுகை முடிந்து பகலுணவும் உண்ட பின்னர் அவ்வூர் ஜமாஅத்தார் நம்மை விடவில்லை. சம்பந்தி வீட்டார் இருவருக்குள் மிளகாய்க் கொல்லையின் வரப்பினால் வந்த தகராறு அடிதடியாகி, ஒருவர் மண்டை உடைந்து, போலீஸ் கேசும் ஆகியிருந்தது. ஆலிம் ஒருவர் வந்திருக்கும்போதே ஸுலுஹு செய்து முடித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். நாமும் உட்கார்ந்தோம். அஸருக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. வரப்பை அளந்து கல் நடுவது. வைத்தியச் செலவைக் கொடுத்துவிடுவது. கேசை வாபஸ் வாங்குவது. இனி இரு வீட்டாருக்கும் ஒட்டும் உறவும் வேண்டாம் என்பதால், இந்த வீட்டில் வாழ வந்த அந்த வீட்டுப் பெண்ணை நகை, பாத்திரங்களோடு தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. எழுதிக் கையெழுத்து வாங்கி, துஆவும் ஓதினோம்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து வயது முதிர்ந்த உம்மா ஒருவர் நம்மைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். அந்தப் பிள்ளையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பதே அவர் கேட்டது. நமக்குப் பதில் வரவில்லை. நிகாஹ் மஜ்லிஸில் பெண்ணிடம் இஜ்னு கேட்டு வந்தாயிற்றா என்று இரண்டு தடவை விசாரித்த பிறகே குத்பா ஓதத் தொடங்கும் நாம், அதே பெண்ணை வாழும் வீட்டிலிருந்து பிரித்து அனுப்பும்போது அவளுடைய இஜ்னு இல்லாமலேயே காகிதம் எழுதிவிட்டோம்.

நயினார்கோவில் என்ற பெயருக்கு அவ்வட்டாரத்து மக்கள் ஒரு காரணம் சொல்வதுண்டு. முல்லா சாஹிபு ஒருவரின் ஊமை மகள் அங்கே வாய் திறந்து பேசினாள் என்றும், அவள் சொன்ன நயினார் என்ற சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்றும் கூறுவார்கள். கதையின் மெய்பொய்யை ஆராய்வது நம் வேலையல்ல. ஆனால் ஒரு பெண்பிள்ளை பேசினாள் என்பதனால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னொரு பெண்பிள்ளையின் பேச்சைக் கேட்காமல் அவள் வாழ்வை முடிவு கட்டிவிட்டு வந்தோமே என்ற எண்ணம் பஸ்ஸில் திரும்பும்போது நம்மை உறுத்திக்கொண்டே வந்தது. அப்போதுதான் மதரஸாவில் ஓதிய நாட்களில் உருது மொழியில் படித்த ஒரு நூலும், அதை எழுதிய அம்மையாரும் நம் நினைவுக்கு வந்தார்கள். அவர்தாம் அனீஸ் கித்வாய்.

ஸஹாபாப் பெருமக்கள், இமாம்கள், வலிமார்கள் ஆகியோரின் வாழ்வைப் படித்துவரும் வாசகர்களுக்கு, நமக்கு மிகச் சமீப காலத்தில் வாழ்ந்து 1982-ல் மறைந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்முறை சொல்ல விரும்புகிறோம். சண்டை ஓய்ந்த பிறகு சமாதானத்தை எப்படிக் கட்டுவது, அதில் பெண்ணின் சொல்லுக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு அன்னாரின் வாழ்வில் பாடம் உண்டு.

குடும்பம்

அனீஸ் அம்மையார் 1906-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கிப் பகுதியைச் சேர்ந்த கித்வாய் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் விலாயத் அலி நகைச்சுவை எழுத்தில் பெயர் பெற்றவர். மௌலானா முஹம்மது அலி நடத்திய காம்ரேட் பத்திரிகையில் பம்பூக் என்ற புனைபெயரில் எழுதியவர். 1918-ல் அவர் மறைந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயதளவே. எழுத்து என்பது தந்தை விட்டுச் சென்ற சொத்தாக மகளிடம் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

கணவர் ஷபீ அஹ்மத் கித்வாய். சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரிசபையில் இடம்பெற்ற ரஃபீ அஹ்மத் கித்வாயின் தம்பி. குடும்பம் முழுவதும் விடுதலைப் போராட்டத்தில் ஊறியது. மைத்துனர் மந்திரி, வீட்டிலே மக்கள் செல்வம், ஊரிலே மதிப்பு என்று 1947 வரை அம்மையாரின் வாழ்வுக்குக் குறைவில்லை.

முஸ்ஸூரியில் நடந்தது

1947 ஆகஸ்டில் நாடு சுதந்திரம் பெற்றது. கூடவே இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபின் இரு பக்கங்களிலும் ஓடிய இரத்தம் செப்டம்பரில் டில்லிக்கும், அடுத்து மலை நகரங்களுக்கும் பரவியது. ஷபீ அஹ்மத் அப்போது முஸ்ஸூரி நகராட்சியின் நிர்வாகி. ஆபத்து தலைக்கு மேல் நிற்பது தெரிந்தும் பொறுப்பை விட்டுவிட்டு அவர் ஓடவில்லை. அக்டோபர் மாதத்தில் அங்கேயே கொல்லப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாற்பது வயதைக் கடந்த நிலையில் அம்மையார் விதவையானார். துக்கத்தைச் சுமந்துகொண்டு டில்லிக்கு வந்து காந்திஜியைச் சந்தித்தார். வீட்டில் அமர்ந்து அழுவதைவிட, தம்மைப் போலவே எல்லாவற்றையும் இழந்து முகாம்களில் கிடப்பவர்களுக்குத் தொண்டு செய்வதே மேல் என்ற வழி அவருக்குக் காட்டப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டு முகாம்களுக்குப் போனார்.

இங்கே நம் வாசகர்களில் சிலர் இத்தாவைப் பற்றிக் கேட்கக்கூடும். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்பது குர்ஆனின் சட்டம். அதில் சந்தேகமில்லை. ஆனால் இத்தா என்றால் இருட்டறையில் அடைத்து வைப்பது என்று நம் ஊர்களில் நினைத்திருப்பது சட்டமன்று. தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல அனுமதி உண்டென்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. வீட்டில் பாதுகாப்பில்லையெனில் இடம் மாறவும் அனுமதி உண்டு. தலாக் பெற்று இத்தாவிலிருந்த ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார், தம் பேரீச்ச மரங்களின் காய் பறிக்க வெளியே போகலாமா என்று கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போகச் சொன்னார்கள். அதிலிருந்து தர்மம் செய்யவும் நன்மை புரியவும் கூடும் என்றும் காரணம் காட்டினார்கள். பேரீச்சங்காய்க்கே அந்த அனுமதி என்றால், கொட்டும் மழையிலும் பனியிலும் கிடந்த உயிர்களுக்காகச் சென்ற ஒரு விதவையைப் பற்றி நாம் என்ன குறை சொல்ல முடியும்?

முகாம்களில்

டில்லியில் முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சி ஒதுங்கிய இடங்களில் இரண்டு பெரியவை. ஒன்று புரானா கிலா என்னும் பழைய கோட்டை. மற்றொன்று ஹுமாயூன் பாதுஷாவின் மக்பரா. ஒரு காலத்தில் முகலாயர்களின் பெருமையைச் சொன்ன அவ்விரு இடங்களிலும் இப்போது பல்லாயிரம் குடும்பங்கள் கூரையின்றிக் கிடந்தன. நேற்று வரை கடை வைத்திருந்தவர், தறி ஓட்டியவர், ஓதிக்கொடுத்தவர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ரொட்டி வாங்கினார்கள். டில்லியிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அக்காலத்தில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள் என்பது வரலாறு. போவதா இருப்பதா என்று புரியாமல் தவித்த நாட்களை அவர்கள் கழித்தது இம்முகாம்களில்தான்.

ஜாமிஆ மில்லிய்யாவைச் சேர்ந்தவர்களும் வேறு பல தொண்டர்களும் அங்கே உழைத்தார்கள். அவர்களிடையே அம்மையாரும் நின்றார். முகாமை நடத்தியவர்களுக்கு முதலில் தெரிந்தது தலை எண்ணிக்கை. இத்தனை பேருக்கு இத்தனை மூட்டை மாவு என்பது கணக்கு. அந்தக் கணக்கில் வராத தேவைகள் பெண்களுக்கு உண்டு. பிரசவிக்க ஒரு மறைவிடம் வேண்டும். கோஷாவில் இருந்தவள் ஆண்கள் நெரியும் வரிசையில் வந்து நிற்க மாட்டாள். கணவனோ மகனோ இல்லையென்றால் அவள் பட்டினிதான். தனியாய் வந்த குமரிக்கு இரவில் காவல் வேண்டும். இவையெல்லாம் கூடாரத்துக்குள்ளே போய் உட்கார்ந்து பேசும் ஒரு பெண்ணுக்கே தெரியவரும். தானும் அண்மையில் கணவனை இழந்தவர் என்பதால் அம்மையாரிடம் அப்பெண்கள் மனம் திறந்தார்கள்.

முகாமோடு வேலை முடியவில்லை. மிருதுளா சாராபாய், சுபத்ரா ஜோஷி ஆகியோருடன் சேர்ந்து, டில்லியின் தெருக்களில் அமைதிப் பணியில் இறங்கிய சாந்தி தளத்தில் அம்மையாரும் இருந்தார். தம் கணவரை எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் கொன்றார்களோ, அந்தச் சமூகத்துச் சகோதரிகளோடு தோளோடு தோள் நின்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1948 ஜனவரி 13 முதல் 18 வரை காந்திஜி நோன்பிருந்தபோது வைத்த நிபந்தனைகளில், மெஹ்ரோலியில் அடங்கியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காகி (ரஹ்) அவர்களின் உரூஸ் அச்சமின்றி நடைபெற வேண்டும் என்பதும் ஒன்று. ஜனவரி 27-ல் அவரே அங்கு சென்றார். மூன்றாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். தமக்கு வழி காட்டியவரும் போய்விட்ட பிறகும் அம்மையார் வேலையை விடவில்லை.

கடத்தப்பட்ட பெண்கள்

இனி நாம் சொல்லப்போவது மனம் கனக்கும் செய்தி. அந்தக் கலவரத்தில் வீடுகளும் கடைகளும் மட்டும் கொள்ளை போகவில்லை. பெண்களும் கொள்ளை போனார்கள். இந்தியாவில் 50,000 முஸ்லிம் பெண்களும், பாகிஸ்தானில் 33,000 இந்து, சீக்கியப் பெண்களும் கடத்தப்பட்டிருக்கலாம் என்று அரசாங்கம் மதிப்பிட்டது. எந்த மார்க்கத்தாரும் கைகழுவிக்கொள்ள முடியாத பாவம் இது. இரு பக்கமும் செய்தார்கள். இரு பக்கப் பெண்களும் பட்டார்கள்.

1947 டிசம்பர் 6-ல் இரு அரசாங்கங்களும் உடன்பாடு செய்துகொண்டன. பலவந்தமான மதமாற்றமும் திருமணமும் செல்லாது. பெண்களை மீட்டு அவரவர் நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான். போலீசாருடன் பெண் தொண்டர்களும் ஊர் ஊராகச் செல்ல ஏற்பாடாயிற்று. மிருதுளா சாராபாய் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். அனீஸ் அம்மையாரும் அதில் உழைத்தார்.

அங்கே அவர் கண்டதை 1949-ல் உருதுவில் எழுதி வைத்தார். 1974-ல்தான் அது அச்சாயிற்று. சுதந்திரத்தின் நிழலில் என்பது அந்நூலின் பெயருக்குப் பொருள். 2011-ல் பேத்தி ஆயிஷா கித்வாய் அதை ஆங்கிலத்தில் கொண்டு வந்தார். கடத்தியவர்களில் குண்டர்கள் மட்டுமல்ல, காக்க வேண்டிய போலீசாருக்கும் சிப்பாய்களுக்கும் பங்கிருந்தது என்று அம்மையார் மறைக்காமல் எழுதினார். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு விற்கப்பட்ட பெண்களைப் பற்றி எழுதினார்.

அதைவிடக் கடினமான ஒன்றையும் எழுதினார். மீட்கச் சென்றால் வர மறுத்த பெண்களும் இருந்தார்கள். ஏன் மறுத்தார்கள்? ஒருத்திக்குத் தாய் தகப்பன் எல்லாரும் வெட்டுண்டு போயிருந்தார்கள், எங்கே போவாள்? மற்றொருத்திக்கு, தன்னைத் தன் வீட்டார் சேர்த்துக்கொள்வார்களா என்ற பயம். இன்னொருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். வேறொருத்தி, பலர் கையில் சிக்கிச் சீரழியாமல் தன்னைக் காத்தவன் என்று அந்த ஆளையே நன்றியோடு பார்க்கத் தொடங்கியிருந்தாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்காது. அம்மையார் விளங்கிக்கொள்ள முயன்றார். அப்பெண்களின் மனநிலைக்குள் சென்று எழுதினார். அவர்களைக் குற்றவாளிகளாக்கவில்லை.

சட்டம் கேட்காத கேள்வி

1949 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் கடத்தப்பட்டவர்களை மீட்டு ஒப்படைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, 1947 மார்ச் 1 முதல் 1949 ஜனவரி 1-க்குள் தன் குடும்பத்தைப் பிரிந்து வேறொருவர் வசத்தில் இருக்கக் காணப்பட்ட முஸ்லிம் பெண், எந்த வயதினளாயினும் கடத்தப்பட்டவளே. பதினாறு வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளைக்கும் இதே சட்டம். அவளுக்கு அதன்பின் பிறந்த குழந்தையும் அப்படியே. வாரண்டு இல்லாமல் போலீஸ் வீடு புகலாம். சந்தேகம் வந்தால் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லும். நான் போக விரும்பவில்லை என்று அவள் சொன்னால், அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை.

நாற்பது வயதுப் பெண்ணும் தன் வாழ்வைப் பற்றித் தானே சொல்ல முடியாத குழந்தையாக்கப்பட்டாள். இதைப் பாராளுமன்றத்திலேயே சிலர் ஆட்சேபித்தார்கள். தொண்டர்களுக்குள்ளும் கருத்து பிரிந்தது. கடத்தியவனோடு எந்தப் பெண்ணும் மனமொப்பி வாழ மாட்டாள், அவள் மறுப்பது பயத்தினால்தான், ஆகவே மீட்டே தீரவேண்டும் என்றார் மிருதுளா சாராபாய். விருப்பமில்லாதவளை இழுத்துச் செல்வது இரண்டாம் தடவை அவளை வேரோடு பிடுங்குவதாகும் என்ற பக்கத்தில் நின்றார் ராமேஸ்வரி நேரு. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அடைபட்டுக் கிடந்து, விடுதலை வந்ததென்று ஓடி வந்து தொழுத பெண்களும் உண்டு. வண்டியில் ஏற்றும்போது கதறிய பெண்களும் உண்டு. இவள் எந்தப் பெண் என்று அறிய ஒரே வழி அவளைத் தனியே வைத்து, பயம் தெளிவித்து, கேட்பதுதான். அந்த ஒரு வேலையைத்தான் சட்டம் செய்யவில்லை.

1955 வரையில் இந்தியாவிலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களும், பாகிஸ்தானிலிருந்து 9,000-க்கும் மேற்பட்ட இந்து, சீக்கியப் பெண்களும் மீட்கப்பட்டார்கள். பிள்ளையைப் பிரிந்து போன தாய்மாரும் அவர்களில் உண்டு. விருப்பமில்லாதவரைப் பலவந்தமாக அனுப்புவதில்லை என்று இரு நாடுகளும் 1954-ல்தான் இணங்கின. 1957-ல் சட்டம் காலாவதியாயிற்று.

திரும்பி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய குடும்பங்களும் இருந்தன. இதில் நம் மார்க்கத்தின் நிலை என்ன? பலவந்தத்துக்கு ஆளானவள் மீது பாவம் இல்லை. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்கள் விஷயத்தில் அல்லாஹ் மன்னிப்போனாகவும் கிருபையுடையோனாகவும் இருக்கிறான் என்னும் கருத்து சூரத்துந் நூரில் உண்டு. அல்லாஹ் குற்றம் பிடிக்காதவளைக் குடும்பத்தார் குற்றம் பிடிப்பது எந்த மார்க்கம்?

ஹுதைபிய்யாவில் கேட்கப்பட்ட கேள்வி

இவ்விடத்தில் ஹிஜ்ரி 6-ம் ஆண்டுக்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். குறைஷியருடன் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதியாயிற்று. உம்ரா செய்யாமல் திரும்ப வேண்டும் என்ற நிலையில் ஸஹாபாக்களின் உள்ளம் உடைந்திருந்தது. குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் எவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் சென்று உம்முல் முஃமினீன் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் வருத்தத்தைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் குர்பானி கொடுத்து முடி களையும்படி அன்னை யோசனை கூறினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே செய்ய, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் யோசனையினால் அந்தச் சமாதானம் அன்று நிலைபெற்றது. பயான்களில் இதை நாம் அடிக்கடி சொல்கிறோம்.

அதற்கடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு ஷரத்து. அபூ ஜந்தல் (ரலி) சங்கிலியோடு வந்தும் திருப்பப்பட்டார். பின்னர் உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) என்ற குமரிப் பெண் மக்காவை விட்டு வெளியேறி மதீனா வந்து சேர்ந்தார். சகோதரர்கள் இருவர் பின்னாலேயே வந்து, ஷரத்தைக் காட்டித் தங்கையைக் கேட்டார்கள். அப்போது இறங்கியதுதான் சூரத்துல் மும்தஹினாவின் பத்தாம் வசனம். ஹிஜ்ரத் செய்து வரும் முஃமினான பெண்களைப் பரிசோதித்து அறியும்படியும், உண்மை தெரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும், கணவன்மார் கொடுத்த மஹரைத் திருப்பிக் கொடுத்துவிடும்படியும் அது கட்டளையிட்டது. சூராவின் பெயரே பரிசோதனையைக் குறிக்கிறது.

பரிசோதனை என்பது என்ன? ஏன் வந்தாய் என்று அவளிடமே கேட்பது. கணவன் மீது கோபித்து வந்தாயா, வேறு ஊரை விரும்பி வந்தாயா, அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் வந்தாயா என்று வினவப்பட்டதாக முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். கேட்கப்பட்டவர்கள் அண்ணன்மார் அல்லர், அவளேதான் கேட்கப்பட்டாள். இரண்டு கூட்டத்தாருக்கிடையில் எழுதப்பட்ட சமாதானத்தில், ஆணுக்கு வைத்த ஷரத்தைப் பெண்ணுக்கு அப்படியே வைக்க முடியாது, அவள் நிலைமை வேறு என்று பிரித்துக் காட்டியவன் அல்லாஹ்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய சட்டம் கேட்க மறந்த கேள்வியை அன்றே மதீனாவில் கேட்டார்கள். இதை எண்ணிப் பெருமைப்படுவது எளிது. ஆனால் 1949-ன் சட்டத்தைக் குறை சொல்லும் தகுதி, மிளகாய்க் கொல்லைச் சமாதானத்தில் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் எழுதிய நமக்கு இருந்ததா? கிதாபில் ஓதியது கையில் வரவில்லையே!

நம் கரையிலும் உலகிலும்

இதெல்லாம் வடநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் மாவட்டத்து மண்டபம் முகாமை அறியாதவர் யார்? 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் கரையில் வந்திறங்கிய குடும்பங்களில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார் உள்ளிட்ட வடபகுதியிலிருந்து முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரம் பேரளவில் அப்படிப் பெயர்ந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கும் முகாமில் அடுப்பு மூட்டியவர்கள் பெண்கள்.

2000 அக்டோபர் 31-ல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1325-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றி, சமாதானப் பேச்சிலும் அதன் பின்னுள்ள புனரமைப்பிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. இலங்கையின் போர்நிறுத்தக் காலத்தில், பெண்களின் பிரச்சினைகளைப் பார்ப்பதற்கென்று இரு தரப்புப் பெண்களும் கொண்ட ஓர் உபகுழு அமைந்து, 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அடுத்த மாதமே புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். குழுவும் நின்றுபோயிற்று. பெரிய மேசையில் உட்கார்ந்த ஆண்கள் எழுந்துவிட்டால், பெண்களின் சின்ன மேசையும் கவிழ்ந்துவிடுகிறது. பெண்ணைக் கேட்பதைத் தனியாக ஒரு மூலையில் வைக்காமல் சமாதானத்தின் நடுவிலேயே வைத்தால்தான் அது நிற்கும்.

முடிவாக

அனீஸ் அம்மையார் பின்னாளில் 1956-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். எழுத்துப் பணியையும் விடவில்லை. 1982-ல் மறைந்தார். கணவனைக் கொன்ற நாட்டு மக்கள் மீது வன்மம் கொள்ளாமல், அதே சமயம் நடந்த அநியாயத்தை மூடி மறைக்காமல் வாழ முடியும் என்பதற்கு அன்னாரின் வாழ்வு சாட்சி. தாமும் ஈடுபட்ட பணியில் இருந்த குறையைத் தாமே எழுதி வைத்தது எல்லாராலும் ஆகிற காரியமன்று.

நம் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த வாரம் மீண்டும் அவ்வூருக்குப் போனோம். ஜமாஅத் பெரியவர்களிடம், முதல் தவறு நம்முடையது என்று ஒப்புக்கொண்டோம். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அந்த உம்மாவையும், பெண்ணின் மாமி ஒருவரையும் அனுப்பி, ஆண்கள் எவரும் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளையிடம் விசாரிக்கச் சொன்னோம். வந்த பதில் இரு வீட்டாரும் நினைக்காத ஒன்று. கணவனை விட்டுப் பிரிய அவளுக்கு மனமில்லை. ஆனால் இந்தச் சூட்டில் அந்த வீட்டில் இருக்கவும் பயமாயிருக்கிறது. மூன்று மாதம் உம்மாவிடம் இருந்துவிட்டு வருகிறேன், அதற்குள் இவர்களின் கோபம் தணியட்டும் என்றாளாம். நகையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை, அது தன்னுடையது என்றும் சொல்லியனுப்பினாள். மஸ்அலாப்படி அவள் சொன்னது சரி. பழைய காகிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். ஊர்ப் பெரியவர்கள் அரை நாள் பேசிக் கண்டுபிடிக்காத வழியை அந்தப் பிள்ளை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும், நம்மைப் போன்ற உலமாக்களுக்கும் பணிவோடு சில யோசனைகள். ஸுலுஹு மஜ்லிஸில் எந்தப் பெண்ணின் இருப்பிடம், பிள்ளை, நகை, மஹர் பற்றிப் பேச்சு வந்தாலும், எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும். கேட்கப் போவோர் அவள் பயப்படாமல் பேசக்கூடிய நம்பிக்கையான பெண்களாயிருக்க வேண்டும். அவள் சொன்னதை ஜமாஅத் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பலவந்தத்துக்கு ஆளாகித் திரும்பி வந்தவளை எவரும் நாவால் நோகடிக்க விடக்கூடாது. நிகாஹ் தப்தரில் பெண்ணின் சம்மதத்துக்கு ஒரு வரி இருப்பதுபோல், சமாதானப் பத்திரத்திலும் ஒரு வரி இருக்கட்டும்.

சமாதானமே நன்மை பயப்பது என்று போதித்த வல்ல நாயன், நாம் செய்யும் சமாதானங்களை நீதியுள்ளவையாக ஆக்கி, வாயடைத்து நிற்போரின் சொல்லைக் கேட்கும் செவியை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.